பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கப் போகிறேன், முதலில் எதைப் பார்ப்பது?

குளத்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கிறேன். களிமண் தட்டு சுடும் கிளப்பில் சில வருடங்களாக உறுப்பினர். ஷாட்கன் சான்றிதழ், சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டி எல்லாம் இருக்கிறது, அதனால் இங்கத்திய சட்டம் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது வைத்திருப்பது மேலும் கீழுமாகக் குழல் உள்ள புதிய இத்தாலியத் துப்பாக்கி. குறை சொல்ல முடியாது, நன்றாகவே சுடுகிறது, ஆனால் அதை வேலை முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன், எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றாது.

கிளப்பில் ஒரு பெரியவர் 1920களில் செய்த, குழல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற துப்பாக்கி வைத்திருக்கிறார். ஒருநாள் என்னிடம் கொடுத்து சுடச் சொன்னார். எடை மூன்று கிலோதான் இருக்கும், தோளுக்கு அதுவாகவே வந்து உட்கார்ந்தது. இரும்பும் மரமும் சேரும் இடத்தில் நகம் நுழைய இடமில்லை. அதிலிருந்து எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆகிவிட்டது. சுடவும் வேண்டும், சேர்த்து வைக்கவும் வேண்டும், நாளைக்கு இன்னும் ஒன்றிரண்டு வாங்கலாம் என்ற எண்ணமும் இருக்கிறது.

1,500 பவுண்டு வரை செலவழிக்க முடியும். கண்ணில் பட்டவை மூன்று. ஒன்று, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பாக்ஸ்லாக் (சுடும் பொறி உடம்புக்குள்ளேயே இருப்பது), சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் உள்ளது, 1920கள், செதுக்கு வேலை அதிகம் இல்லை. இரண்டாவது, நான் கேள்விப்படாத ஒரு சிற்றூர்க் கடையின் பெயர் போட்ட சைட்லாக் (பொறி பக்கத் தகடுகளில் இருப்பது), உடம்பு முழுக்கப் பூவும் சுருளுமாகச் செதுக்கியிருக்கிறார்கள், பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை, விலையும் முதலாவதைவிடக் குறைவு. மூன்றாவது, 1880களின் ஹேமர் கன் (சுத்தியல் வெளியே தெரிவது), இரும்புப் பட்டிகளைச் சுருட்டிச் செய்த டமாஸ்கஸ் குழல், 600 பவுண்டு சொல்கிறார்கள். என் மனது இரண்டாவதில் இருக்கிறது. சைட்லாக் என்றால் உசத்தி என்றுதானே சொல்கிறார்கள், அது ஏன் விலை குறைவாக வருகிறது? டமாஸ்கஸ் குழலில் சுடலாமா, சுவரில் மாட்ட மட்டும்தானா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.


பர்மிங்காம்வாசி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி, நல்ல ஆசை. மூன்றில் எது என்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய துப்பாக்கியில் நீங்கள் காசு கொடுப்பது குழலுக்கு. பெயர், செதுக்கு வேலை, கட்டையின் மர ரேகை எல்லாம் அதற்கு அப்புறம்தான். கட்டை உடைந்தால் புதுக் கட்டை போடலாம், ஸ்பிரிங் போனால் செய்து போடலாம், எஜெக்டரைச் சரிபார்த்துத் தர ஆள் இருக்கிறது. குழல் தேய்ந்து மெலிந்துவிட்டால் அதைத் தடிமனாக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

ஏன் மெலிகிறது என்றால், நூறு வருடத்தில் உள்ளே துரு பிடிக்கும், துருப் பள்ளத்தை எடுக்க உள்பக்கத்தைத் தேய்ப்பார்கள். வெளியே நசுங்கினால் தூக்கிவிட்டு அரத்தால் சமன் செய்வார்கள், நிறம் போனால் மறுபடி மெருகேற்றி நீலம் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகிறது. அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் குழலின் சுவரை முதலிலேயே தேவைக்கு மேல் ஒரு இழையும் விடாமல் அரத்தால் இழைத்து இறக்கியிருப்பார்கள், உங்கள் பெரியவரின் துப்பாக்கி தோளுக்கு அப்படி வந்து உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம். அதனால் தேய்க்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். சுவர் தடிமனை அளக்கத் தனிக் கருவி உண்டு. கடைக்காரரிடம் இரண்டு குழலுக்கும் மிகக் குறைந்த தடிமன் என்ன, அது எந்த இடத்தில் என்று கேளுங்கள். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், அதற்குக் கீழே போனால் நான் வாங்க மாட்டேன். இது சட்டம் இல்லை, பொதுவாக இங்கே எல்லோரும் வைத்திருக்கும் கோடு. ஹோல்ட்ஸ் மாதிரி ஏல நிறுவனங்கள் இந்த அளவை விவரக் குறிப்பிலேயே போடுவார்கள். அளந்து சொல்ல மறுக்கும் ஆளிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது புரூஃப் முத்திரை. குழலைக் கழற்றித் திருப்பினால் அடியில் தட்டையான பரப்பில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். லண்டனில் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது, அவர்களுக்கு ஒரு சோதனைக்கூடம். எங்கள் ஊர் பர்மிங்காமில் 1813-இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு இன்னொன்று. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை. பர்மிங்காம் முத்திரையில் கிரீடத்தின் கீழ் பி.என்.பி என்று இருந்தால் 1954க்குப் பிறகு நைட்ரோ மருந்துக்கு, அதாவது இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. அதற்கு முந்தையது என்றால் கிரீடமும் என்.பி என்ற எழுத்தும் இருக்கும். துளை அளவும் பொறித்திருப்பார்கள். பழையதில் 12 என்றோ 13/1 என்றோ, 1954க்குப் பிந்தையதில் .729 என்ற மாதிரி அங்குலக் கணக்கிலோ. இப்போது துளையை அளந்தால் பொறித்த அளவைவிட ஆயிரத்தில் பத்து பங்கு பெரிதாகியிருந்தால் அது புரூஃபை விட்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அதை மறுபடி சோதனைக்கு அனுப்பாமல் விற்பது இங்கே குற்றம்.

உங்கள் இரண்டாவது துப்பாக்கிக்கு வருகிறேன். சைட்லாக், முழுக்கச் செதுக்கு வேலை, ஆனால் சாதாரண பாக்ஸ்லாக்கைவிட மலிவு என்றால் என் முதல் சந்தேகம் ஸ்லீவ் போட்டது என்றுதான். பழைய குழல் தேய்ந்து போனபின், தோட்டா அறைப் பக்கம் சில அங்குலத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி எறிந்து, புதுக் குழாயைச் சொருகியிருப்பார்கள். சுடுவதற்கு அதில் எந்தப் பயமும் இல்லை, சொல்லப்போனால் பழைய குழலைவிடத் தடிமனாகவே இருக்கும். ஆனால் சேகரிப்பவர்களிடம் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும், எடையின் சமநிலையும் பல சமயம் மாறிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தோட்டா அறைக்குச் சற்று முன்னால் குழலைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும், நல்ல பட்டறை என்றால் அதையும் செதுக்கு வேலையால் மறைத்திருப்பார்கள். எப்படி மறைத்தாலும் ஸ்லீவ்டு என்ற சொல்லை முத்திரையாக எங்காவது அடித்தே இருப்பார்கள், அதைத் தேடுங்கள்.

சைட்லாக் உசத்தி என்பதைப் பற்றி. 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் சேர்ந்து பாக்ஸ்லாக்கை உருவாக்கினார்கள். குழலை மடக்கித் திறக்கும்போது அந்த இறக்கமே உள்ளே இருக்கும் சுத்தியலை இழுத்து வைத்துவிடும். மிகக் குறைந்த பாகங்கள், கெட்டுப்போவது அரிது. உலகத்தில் அதற்கப்புறம் வந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு அமைப்பிலிருந்து வந்தவை. சைட்லாக்கின் அழகு வேறு. பக்கத் தகடு நீளமாக இருப்பதால் செதுக்குபவருக்கு இடம் கிடைக்கிறது, விசையின் இழுப்பை இன்னும் நுணுக்கமாக அமைக்கலாம், தவறி விழுந்தாலும் சுத்தியல் அடிக்காமல் தடுக்க இரண்டாவது பிடி உள்ளே இருக்கும். 1880-இல் பீஸ்லி என்பவர் பதிவு செய்து லண்டன் பட்டறையான பர்டிக்கு விற்ற அமைப்பில் மெயின் ஸ்பிரிங்கே குழலைத் திறந்துவிட உதவும், மூடும்போது கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டும், அவ்வளவு யோசித்துச் செய்த பொருள். ஆனால் அதெல்லாம் லண்டனின் முதல்தரப் பட்டறைகளின் கதை. சுமாரான சைட்லாக்கைவிட நல்ல பாக்ஸ்லாக் எவ்வளவோ மேல். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெஸ்ட்லியைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

போகும்போது செய்ய வேண்டியவை. முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை மாட்டி மூடி, பின்கட்டையைப் பிடித்துக் குலுக்குங்கள். ஆட்டம் இருந்தால் இணைப்பு தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குழலுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியும். இது சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் குழலைத் தனியே எடுத்து, அடியில் இருக்கும் கொக்கியை ஒரு விரலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தால் இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையான ரிப்பின் பற்று நன்றாக இருக்கிறது. மொத்தென்று செத்த சத்தம் வந்தால் பற்று எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் இறங்கித் துருவாக இருக்கும். குழல் எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். திருகாணித் தலைகளைப் பாருங்கள். நல்ல துப்பாக்கியில் அவற்றின் வெட்டு எல்லாம் குழலின் நீளவாக்கில் ஒரே திசையில் நிற்கும், ஓரம் சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே போயிருக்கிறது.


வடமலை எழுதியது:

டொராண்டோவிலிருந்து. அண்ணன் மேலே சொன்னதெல்லாம் சரி, டமாஸ்கஸ் பற்றி மட்டும் என் கருத்து: சுட வேண்டாம். வாங்குங்கள், எண்ணெய் போட்டு வைத்து ரசியுங்கள், ஆனால் இரும்புப் பட்டியைச் சுருட்டிப் பற்றவைத்துச் செய்த குழல், ஒவ்வொரு சுற்றும் ஒரு தையல், உள்ளே எந்தத் தையலில் துரு ஏறியிருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. வட அமெரிக்காவில் பல தலைமுறைகளாகத் துப்பாக்கிக் கடைகளில் இதையே சொல்லி வருகிறார்கள். இன்னொரு சந்தேகம், நம் கொடுமணல் பக்கத்து உருக்கிலிருந்துதான் டமாஸ்கஸ் வாள் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன், இந்தக் குழலும் அதுதானா?


பர்மிங்காம்வாசி எழுதியது:

வடமலை, வாளும் குழலும் வேறு வேறு. கொடுமணல் மாதிரி இடங்களில் செய்தது மண்குப்பியில் உருக்கி எடுத்த எஃகு, அந்த அலை ரேகை கட்டி உறையும்போதே உள்ளிருந்து வருவது. துப்பாக்கிக் குழலில் வருவது கொல்லன் கையால் வரைந்த ரேகை. இரும்பும் எஃகுமாகப் பட்டிகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பற்றவைத்துக் கம்பியாக இழுப்பார்கள், அந்தக் கம்பியைச் சூட்டிலேயே முறுக்குவார்கள், முறுக்கிய இரண்டு மூன்று கம்பிகளைப் பக்கத்தில் வைத்து அடித்து நாடாவாக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைப்பார்கள். கடைசியில் துளையைச் சரிசெய்து அமிலம் கலந்த கரைசலில் பழுப்பேற்றும்போது இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமும் எடுக்கும். பெல்ஜியத்தில் லியேஜைச் சுற்றிய கிராமங்களில் குடும்பம் குடும்பமாக இதைச் செய்தார்கள், இங்கிலாந்தின் பட்டறைகளே அங்கிருந்து குழாய் வாங்கின. 1914-இல் ஜெர்மானியப் படை லியேஜைப் பிடித்தது, ஏற்கெனவே எஃகுக் குழலுக்கு வழிவிட்டுக் கொண்டிருந்த தொழில் அதோடு அநேகமாக முடிந்தது. இன்று அந்தக் கை திரும்பி வராது, அதனால்தான் ஒரு நல்ல டமாஸ்கஸ் குழலைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சுடலாமா என்பதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். மொத்தமாகச் சுடவே கூடாது என்பதும் தவறு, கண்ணை மூடிக்கொண்டு சுடலாம் என்பதும் தவறு. பழைய கரும்பொடி மருந்துக்குச் சோதித்த முத்திரை மட்டும் இருக்கிறதா, அப்படியானால் இன்றைய கடைத் தோட்டா அதில் கூடாது, பேச்சே இல்லை. எங்கள் ஊர்ச் சோதனைக்கூடத்திலேயே பிற்காலத்தில் நைட்ரோ சோதனையில் தேறிய டமாஸ்கஸ் துப்பாக்கிகள் நிறைய உண்டு. அந்த முத்திரையும் நல்ல சுவர் தடிமனும் இருந்து, தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால், மென்மையான தோட்டா போட்டுச் சுடலாம். இங்கே பலர் சுடுகிறார்கள். ஆனால் குளத்தூரான் தம்பி, உங்களுக்கு இது முதல் பழைய துப்பாக்கி, டமாஸ்கஸ் இரண்டாவதாக இருக்கட்டும்.


சிறுவாணி எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே நிலைமை வேறு, இந்தியாவில் இருக்கும் உறவுகளுக்காகவும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன். எங்கள் தாத்தா வைத்திருந்தது கல்கத்தா மேன்டன் கம்பெனி பெயர் போட்ட 12 போர், ரிப்பில் பெயர் இன்னும் தெளிவாக இருக்கிறது. சென்னையில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர்போன பி.ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் பழைய எஸ்டேட் வீடுகளில் உண்டு. இவை அனேகமாக பர்மிங்காமில் செய்து, விற்ற கடையின் பெயரைப் பொறித்து அனுப்பியவை, அதனால் பெயரைப் பார்த்து மட்டும் ஒன்றும் முடிவு செய்யாதீர்கள், அண்ணன் சொன்ன முத்திரையைப் பாருங்கள்.

இங்கே யாரும் சேகரிப்பு என்று சொல்லி நாலைந்து வைத்துக்கொள்ள முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான், முன்பு மூன்று இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டையும் படிப்படியாகப் போய்விட்டது, அதனால் பல வீடுகளில் இந்தத் துப்பாக்கி சுடப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. பெரியவர் காலமானால் வாரிசுகள் உடனே தகவல் கொடுத்து, காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, தங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டம் என்றால் ஆட்சியர், நகரம் என்றால் காவல் ஆணையர். தாத்தா துப்பாக்கிதானே என்று பரணில் வைத்திருந்தால் அது சட்டவிரோத ஆயுதம். பழம்பொருளுக்கு விலக்கு உண்டே என்று சிலர் சொல்வார்கள். பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு, தோட்டா போட்டால் வெடிக்கிற மேன்டனுக்கு இல்லை.

என் பெரிய வருத்தம் தேர்தல்தான். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், முடிந்து வாங்கும்போது ஈரச் சுவரில் சாய்த்து வைத்த அடையாளம் குழலில் இருக்கும். எங்கள் துப்பாக்கியில் ஒரு முறை விரல் அகலத்துக்குத் துரு. அதிலிருந்து ஒப்படைக்கும் முன் உள்ளும் புறமும் கெட்டியாக எண்ணெய் பூசி, பருத்தித் துணி உறையில் போட்டுத்தான் கொடுப்பது. தோல் உறை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டிலும் குழல்வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். மேல்நோக்கி வைத்தால் எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கிக் கட்டையின் தலைப்பகுதியில் ஊறும், மரம் கறுத்து மெத்தென்று ஆகி, ஒருநாள் சுடும்போது விரிசல் விடும்.

குடகில் எனக்குச் சொந்தம் மாதிரி பழகிய ஒரு கொடவக் குடும்பம் இருக்கிறது. செப்டம்பரில் கைல் முகூர்த்தம் வந்தால் துப்பாக்கியைத் துடைத்து, சந்தனம் வைத்து, குழல்வாயில் பூச்சொருகிப் பூஜை செய்வார்கள். அங்கே அதைத் தோக்குப் பூ என்பார்கள், நம் செங்காந்தள்தான் அது. பழைய துப்பாக்கி கெடாமல் இருக்க வருடத்துக்கு ஒரு முறையாவது மொத்த வீடும் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.


குளத்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பர்மிங்காம் அண்ணா, சைட்லாக் விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே. குழலைத் திருப்பியதும் ஸ்லீவ்டு என்று முத்திரை இருந்தது. விற்றவரும் மறைக்கவில்லை, கேட்டதும் சொன்னார். செதுக்கு வேலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, ஆனாலும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வெஸ்ட்லி விவரம் இதோ. பி.என்.பி முத்திரை, துளை .729, தோட்டா அறை 2½ அங்குலம், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 டன் என்று இருக்கிறது. கடைக்காரர் என் முன்னாலேயே அளந்தார். துளை இரண்டும் .733 வருகிறது. மிகக் குறைந்த சுவர் வலது குழலில் ஆயிரத்தில் 24, இடதில் 22. தட்டினால் நன்றாக ஒலிக்கிறது. ஆட்டம் இல்லை. எண் பொருந்துகிறது. கட்டையில் பழைய கீறல்கள் உண்டு, விரிசல் இல்லை. 1,350 கேட்கிறார். இதில் சந்தேகப்பட ஏதாவது இருக்கிறதா? எந்தத் தோட்டா போடுவது? ஈயத்துக்குத் தடை வருகிறது என்கிறார்களே, அப்போது இது சும்மா கிடக்குமா?


பர்மிங்காம்வாசி எழுதியது:

நல்ல துப்பாக்கி தம்பி, விடாதீர்கள். பி.என்.பி இருப்பதால் 1954க்குப் பிறகு யாரோ பொறுப்பாக மறுசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். துளை நாலு பங்கு பெரிதாகியிருக்கிறது, பத்து வரை இடம் உண்டு. சுவர் நன்றாகவே இருக்கிறது. கட்டையில் இருக்கும் கீறல்களைத் தேய்த்துப் புதிதாக்க வேண்டாம், ஆளி விதை எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தால் போதும். எண்ணைக் குறித்துக்கொண்டு வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸுக்கே எழுதிக் கேளுங்கள், பழைய பேரேடுகளை வைத்திருக்கிறார்கள், எந்த வருடம் முடித்தார்கள் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வார்கள்.

தோட்டா விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். உங்கள் தோட்டா அறை 65 மி.மீ. இப்போது கிளப்பில் எல்லோரும் போடுவது 70. அந்த 70 தோட்டா இதற்குள்ளும் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், துப்பாக்கி மூடிக்கொள்ளும், அதுதான் ஆபத்து. தோட்டாவின் அளவு என்பது சுட்டு மடிப்பு விரிந்தபின் உள்ள நீளம். மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்கும் இடத்தில் போய் முட்டினால் அழுத்தம் ஏறிவிடும். 65 என்று பெட்டியில் போட்ட தோட்டாவை மட்டும் வாங்குங்கள். 67 மி.மீ. சிலவற்றில் 65க்கும் ஏற்றது என்று எழுதியிருக்கும், அதுவும் சரி. ரவை எடை 28 கிராம் போதும். மூன்று கிலோ துப்பாக்கியில் அதற்கு மேல் போட்டால் தோளும் வலிக்கும், கட்டையும் வருந்தும். நான் 24 கிராமே போடுகிறேன், தட்டு உடையத்தான் செய்கிறது.

ஈயம்: இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளுக்கு 1999 முதலே தடை. மற்றதற்கும் கட்டுப்பாடு கொண்டுவரப் போவதாக 2025-இல் அரசு அறிவித்து, மாறிக்கொள்ள அவகாசமும் கொடுத்திருக்கிறது. எஃகு ரவை ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது, குழல்வாய் இறுக்கமாக இருக்கும் பழைய துப்பாக்கியில் அதைப் போட்டால் வாய்ப்பக்கம் உப்பிவிட வாய்ப்புண்டு. இந்த வெஸ்ட்லியில் எஃகு போட வேண்டாம். பிஸ்மத் ரவை இருக்கிறது, எஃகைவிட எவ்வளவோ மென்மை, விலைதான் பல மடங்கு. என்னிடம் இருக்கும் பழையவற்றுக்கு நான் பிஸ்மத்துக்குத்தான் போவேன், வாரம் நூறு தட்டு சுடுகிற வேலையை உங்கள் இத்தாலியத் துப்பாக்கி பார்த்துக்கொள்ளட்டும். வாங்கும் முன் சோக் அளவையும், அதாவது குழல்வாய் எவ்வளவு ஒடுங்குகிறது என்பதையும் கேட்டு இங்கே எழுதுங்கள், இடது குழல் முழு சோக்காக இருந்தால் விலையில் இன்னும் ஐம்பது குறைக்கச் சொல்லலாம்.